கழுத்து டாப்ளர் ரிப்போர்ட்டில் ‘30 சதவீதம் அடைப்பு’ என்றால் என்ன?

கழுத்திலுள்ள ரத்தக் குழாய்களைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேனின் ரிப்போர்ட்டில் ‘30 சதவீதம் அடைப்பு’ என்று ஒரு வரி வந்துவிட்டால் வீட்டில் இரண்டு விதமான பேச்சு எழும். “மூளைக்குப் போகிற ரத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டதா?” என்று ஒருவர் பதறுவார். “70 சதவீதம் திறந்துதானே இருக்கிறது, ஒன்றும் இல்லை” என்று இன்னொருவர் தேற்றுவார். இரண்டுமே தவறு. 30 சதவீதச் சுருக்கத்தால் மூளைக்குப் போகும் ரத்தம் குறைவதில்லை. அதே சமயம் அது ‘ஒன்றும் இல்லை’ என்று விட்டுவிடக்கூடியதும் அல்ல. தமனிகளில் கொழுப்பு படியும் நோய் அந்த உடலில் தொடங்கிவிட்டது என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்லும் செய்தி அது.

குழப்பத்துக்குக் காரணம் இருக்கிறது. இந்த ஒரே ஸ்கேன் இரண்டு வெவ்வேறு கேள்விகளுக்குப் பதில் தருகிறது. குழாய் எவ்வளவு குறுகியிருக்கிறது என்பது முதல் கேள்வி. குழாயின் சுவர் எப்படி இருக்கிறது என்பது இரண்டாவது. முதல் கேள்வி பெரும்பாலும் பக்கவாதத்தைப் பற்றியது. இரண்டாவது கேள்வியில் மாரடைப்பும் சேர்ந்து வருகிறது. இரண்டு பதில்களையும் ஒரே சதவீதத்துக்குள் அடைத்துப் பேசும்போதுதான் தேவையில்லாத பயமும் தேவையில்லாத தைரியமும் பிறக்கின்றன.

கழுத்தில் ஓடும் நான்கு குழாய்கள்

இதயத்திலிருந்து ரத்தத்தை வெளியே கொண்டுபோகும் குழாய்க்குத் தமனி என்று பெயர். மூளைக்கு நான்கு தமனிகள் போகின்றன. கழுத்தின் முன்பக்கம் இடப்புறம் ஒன்றும் வலப்புறம் ஒன்றுமாக இருப்பவை கரோடிட் தமனிகள். குரல்வளைக்குப் பக்கவாட்டில் விரல் வைத்தால் துடிப்பது இதுதான். பின்பக்கம் கழுத்தெலும்புகளில் உள்ள துளைகள் வழியாக மெல்லிய இரண்டு குழாய்கள் மேலேறுகின்றன. அவை வெர்டிப்ரல் தமனிகள். மூளைக்கு வேண்டிய ரத்தத்தின் பெரும்பகுதியைக் கரோடிட் தமனிகளே கொண்டுபோகின்றன. நான்கும் மூளையின் அடிப்பகுதியில் ஒரு வளையமாக இணைகின்றன. ஒரு பக்கக் கரோடிட் முழுவதும் அடைபட்டும் எந்தக் குறையும் தெரியாமல் நடமாடுகிறவர்கள் இருப்பதற்கு இந்த வளையம்தான் காரணம். ஆனால் எல்லோருக்கும் அது முழுமையாக அமைவதில்லை என்பதால் அதை நம்பி இருந்துவிடவும் முடியாது.

ஸ்கேனில் முக்கியமான இடம் ஒரு கவட்டை. ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் அகலத்தில் மேலேறும் பொதுக் கரோடிட் தமனி, குரல்வளைக் குருத்தெலும்பின் மேல்விளிம்பு மட்டத்தில் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை முகத்துக்கும் தலைத்தோலுக்கும் போகிறது. அது வெளிக் கரோடிட். மற்றது மூளைக்கும் கண்ணுக்கும் போகிறது, அது உட்கரோடிட். உட்கரோடிட் தொடங்கும் இடம் சற்றுப் புடைத்திருக்கும். கொழுப்பு முதலில் படிவது பெரும்பாலும் இந்தப் புடைப்பின் வெளிப்புறச் சுவரில்தான். கவட்டையில் மோதிப் பிரியும் ரத்தம் நடுச் சுவரை ஒட்டி வேகமாகப் போய்விடுகிறது. வெளிச் சுவரின் ஓரத்தில் அது தயங்கி, முன்னும் பின்னுமாக அலைகிறது. நேராகவும் விரைவாகவும் ஓடும் ரத்தத்தின் உரசல் தமனியின் உட்பூச்சுக்கு நல்லது. அந்த உரசல் கிடைக்காத இடத்தில் உட்பூச்சு பலவீனப்பட்டு, கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல். சுவருக்குள் புகுவது எளிதாகிறது.

படிவு பக்கவாதமாக மாறுவது எப்படி

சுவருக்குள் புகுந்த கொழுப்பைச் சுற்றி வீக்க அணுக்கள் சேர்கின்றன. மேலே நார்த் திசு மூடி போல வளர்கிறது, நாளாக ஆகச் சுண்ணாம்பும் சேர்கிறது. இந்த மேட்டைத்தான் படிவு என்கிறோம். ரிப்போர்ட்டில் ‘பிளேக்’ என்று வருவது இதுதான். அடைப்பைக் குறிக்கும் ‘பிளாக்’ வேறு.

படிவு வளர்ந்து வளர்ந்து குழாயை மூடிவிடும், அதனால் பக்கவாதம் வருகிறது என்றுதான் பலரும் எண்ணுகிறார்கள். அப்படியும் நடப்பதுண்டு. ஆனால் பெரும்பாலும் நடப்பது வேறு. படிவின் மேல்மூடி ஓரிடத்தில் கிழிகிறது. உள்ளேயிருக்கும் கொழுப்பு ரத்தத்தோடு தொட்டவுடன் அங்கே ரத்தம் உறைகிறது. உறைந்த கட்டியிலிருந்து ஒரு துணுக்கு பிய்ந்து மேலே போய், மூளைக்குள் இருக்கும் சிறு குழாய் ஒன்றில் சிக்கிக்கொள்கிறது. கழுத்துக் குழாய் திறந்தே இருக்கும், மூளையின் ஒரு மூலைக்கு ரத்தம் நின்றிருக்கும்.

துணுக்கு சிறிதாக இருந்து தானே கரைந்துவிட்டால் அறிகுறி சில நிமிடங்களில் மறைந்துவிடும். இதைத் தற்காலிகப் பக்கவாதம் என்கிறார்கள். ஒரு கை தளர்வது, வாய் கோணுவது, பேச்சு குழறுவது, ஒரு கண்ணில் மட்டும் திரை இறங்கியது போல இருண்டு பிறகு தெளிவது ஆகியவை இதன் அடையாளங்கள். கை கால் தளர்ச்சி கெட்டுப்போன குழாய்க்கு எதிர்ப்பக்கம் வரும். கண் இருட்டோ அதே பக்கம் வரும், ஏனென்றால் கண்ணுக்குப் போகும் தமனி உட்கரோடிட்டின் கிளை.

இதுவரை சொன்னதில் கையில் வைத்துக்கொள்ள வேண்டியது இவ்வளவுதான்: நோய் இருப்பது குழாயின் சுவரில். குழாய் குறுகுவது அந்த நோயின் ஒரு விளைவு. குறுகல் கூடக்கூட படிவு கிழியும் ஆபத்தும் பொதுவாகக் கூடுகிறது என்பதால்தான் குறுகலை அளக்கிறோம்.

வேகத்தைப் பார்த்து அகலத்தைச் சொல்வது

வயலுக்குப் போகும் வாய்க்காலில் தண்ணீர் நிதானமாக ஓடிக்கொண்டிருக்கிறது. ஓரிடத்தில் இரண்டு கரைகளும் நெருங்கினால் அந்த இடத்தில் மட்டும் தண்ணீர் விரைந்து பாயும். மேலிருந்து வருகிற தண்ணீர் அத்தனையும் அந்த இடுக்கு வழியாகவே போயாக வேண்டும் அல்லவா? இடுக்கைத் தாண்டியதும் சுழிக்கும். வரப்பில் நிற்பவர் அகலத்தை அளக்காமலே, பாய்ச்சலையும் சுழிப்பையும் பார்த்து ‘இங்கே குறுகியிருக்கிறது’ என்று சொல்லிவிடலாம். இடுக்கு ஏறக்குறைய மூடிக்கொண்டால் தண்ணீர் பாயாது, கசியத்தான் செய்யும், வேகம் விழுந்துவிடும். இந்தக் கடைசி நிலை பின்னால் ஏமாற்றும் ஒரு பொறியாக வரப்போகிறது.

தமனியிலும் கணக்கு இதேதான். குழாயின் குறுக்களவு பாதியானால் அதன் உட்பரப்பு நான்கில் ஒரு பங்காகிவிடும். அதே அளவு ரத்தம் அந்த இடத்தைக் கடக்க வேண்டுமானால் நான்கு மடங்கு வேகம் வேண்டும். குறுகல் சிறிது கூடினாலே வேகம் பெரிதாக ஏறுவதால், ஓரளவு குறுகிய குழாய்களை அளப்பதற்கு வேகம் நல்ல அளவுகோல்.

ரத்தத்தின் வேகத்தை வெளியிலிருந்து அளக்க டாப்ளர் விளைவு உதவுகிறது. ஆஸ்திரிய இயற்பியலாளர் கிறிஸ்டியன் டாப்ளர் 1842-இல் விளக்கியது இது. நம்மை நோக்கி நகரும் பொருளில் பட்டுத் திரும்பும் ஒலியின் அதிர்வெண் கூடும், விலகிப் போகும் பொருளில் பட்டுத் திரும்பினால் குறையும். அந்த வித்தியாசம் எவ்வளவு என்று தெரிந்தால் வேகம் தெரியும். ஸ்கேன் கருவி கழுத்துக்குள் அனுப்பும் ஒலி 5 முதல் 12 மெகாஹெர்ட்ஸ் வரை இருக்கும். காதால் கேட்க முடியாத இந்த ஒலியைத்தான் மீயொலி என்கிறோம். உடலுக்குள் அது நொடிக்கு 1540 மீட்டர் வேகத்தில் போய், ஓடும் சிவப்பணுக்களில் பட்டுத் திரும்புகிறது. 5 மெகாஹெர்ட்ஸ் ஒலியை 60 பாகைக் கோணத்தில் செலுத்தி, ரத்தம் நொடிக்கு 100 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடினால், வரும் வித்தியாசம் சுமார் 3,200 ஹெர்ட்ஸ். இது காதுக்குக் கேட்கும் எல்லைக்குள் இருக்கிறது. ஸ்கேன் அறையில் கேட்கும் ‘உஷ், உஷ்’ சத்தம் அந்த வித்தியாசத்தைக் கருவி அப்படியே ஒலிபெருக்கியில் போடுவதுதான்.

இங்கே கோணம்தான் எல்லாம். ஒலி ரத்த ஓட்டத்துக்கு நேர் குறுக்காகப் போனால் வித்தியாசமே வராது. அதனால் சாய்த்துச் செலுத்தி, ஒலிக்கும் குழாய்க்கும் இடையேயுள்ள கோணத்தைத் திரையில் ஒரு கோட்டால் குறித்துக் கொடுக்க வேண்டும். கருவி அந்தக் கோணத்தை வைத்தே வேகத்தைக் கணக்கிடுகிறது. 60 பாகைக்கு மேல் போகக் கூடாது என்பது எங்கும் உள்ள விதி. உண்மைக் கோணம் 60 இருக்க, கோட்டை 65-இல் வைத்துவிட்டால் வேகம் சுமார் 18 சதவீதம் கூடுதலாகக் காட்டும். அதாவது 110 என்பது 130 ஆகிவிடும். 75-க்கும் 80-க்கும் நடுவே அதே 5 பாகைப் பிழை செய்தால் ஏறக்குறைய 50 சதவீதம் தப்பாகும்.

சதவீதம் பிறக்கும் இடம்

ரிப்போர்ட்டில் ‘பி.எஸ்.வி.’ என்று ஒரு எண் இருக்கும். இதயம் சுருங்கும்போது ரத்தம் எட்டும் உச்ச வேகம் அது. ‘இ.டி.வி.’ என்பது இதயம் விரிந்து முடியும் தறுவாயில் உள்ள கடைசி வேகம். மூன்றாவது எண் ஒரு விகிதம்: உட்கரோடிட்டின் உச்ச வேகத்தைப் பொதுக் கரோடிட்டின் உச்ச வேகத்தால் வகுத்தது. இந்த மூன்றும் படத்தில் தெரியும் படிவும் சேர்ந்துதான் சதவீதம் ஆகின்றன.

2003-இல் அமெரிக்காவில் கதிரியக்க மருத்துவர்கள் கூடி வெளியிட்ட வரம்புகளையே இன்றும் பெரும்பாலான ஸ்கேன் கூடங்கள் பின்பற்றுகின்றன. உட்கரோடிட்டில் உச்ச வேகம் நொடிக்கு 125 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்து, படிவும் இல்லையென்றால் இயல்பு. வேகம் அப்படியே இருந்து படிவு மட்டும் தெரிந்தால் 50 சதவீதத்துக்கும் குறைவான சுருக்கம். 125 முதல் 230 வரை இருந்தால் 50 முதல் 69 சதவீதம். விகிதம் 2-க்கும் 4-க்கும் இடையே இருக்கும். 230-ஐத் தாண்டினால் 70 சதவீதமோ அதற்கு மேலோ. விகிதம் 4-க்கு மேல், கடைசி வேகம் 100-க்கு மேல் இருக்கும். 125 என்ற கோடு மிகத் தாழ்வாக இருக்கிறது, பலருக்கு இல்லாத அடைப்பைச் சொல்லிவிடுகிறது என்று பின்னர் கண்டார்கள். அதனால் சில கூடங்கள் 180 என்ற வரம்புக்கு மாறியிருக்கின்றன. எந்த வரம்பை வைத்துச் சொல்கிறார்கள் என்பதை ரிப்போர்ட்டிலேயே எழுதுவது நல்ல கூடத்தின் வழக்கம்.

கவனியுங்கள்: 50 சதவீதத்துக்குக் கீழே வேகத்தால் எதையும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆகவே ‘30 சதவீதம்’, ‘35 சதவீதம்’ என்று எழுதியிருந்தால் அது பெரும்பாலும் படத்தில் படிவின் தடிமனை வைத்துப் போட்ட மதிப்பீடு. சென்ற ஆண்டு 30, இந்த ஆண்டு 35 என்று வந்ததற்காகத் தூக்கம் கெட வேண்டியதில்லை. அளப்பவரின் கை சற்று நகர்ந்தாலே வரக்கூடிய வித்தியாசம் அது.

இன்னொரு சிக்கல் உண்டு, அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. ஒரே குறுகலுக்கு மூன்று சதவீதங்கள் சொல்ல முடியும், மூன்றும் சரியாக இருக்கும். புடைப்பில் குழாயின் பழைய அகலம் 8 மில்லிமீட்டர், அதற்கு மேலே நோயில்லாத உட்கரோடிட்டின் அகலம் 5, படிவு போக மீதியிருக்கும் வழி 2.5 என்று வைத்துக்கொள்வோம். வட அமெரிக்காவின் நாஸெட் ஆய்வு முறை, மீதி வழியை மேலேயுள்ள நல்ல குழாயோடு ஒப்பிடும். அதன்படி சுருக்கம் 50 சதவீதம். ஐரோப்பிய ஆய்வு முறை அதே இடத்தின் பழைய அகலத்தோடு ஒப்பிடும். அதன்படி ஏறக்குறைய 69. உட்பரப்பில் எவ்வளவு போனது என்று நாஸெட் அளவைக் கொண்டே கணக்கிட்டால் 75. நோயாளி அதேதான், குழாய் அதேதான். குறுக்கு வெட்டில் அளந்த பரப்புச் சதவீதத்தை எடுத்துக்கொண்டு ‘75 ஆகிவிட்டது, ஆபரேஷன் வேண்டும்’ என்று ஓடுகிறவர்கள் உண்டு. அறுவைச் சிகிச்சை பற்றிய முடிவுகளுக்கு அடிப்படையான எண்கள் பெரும்பாலும் நாஸெட் முறையில் வந்தவை. மேலே சொன்ன வேக வரம்புகளும் அந்த முறைக்கே பொருத்தி அமைக்கப்பட்டவை.

சுருங்கச் சொன்னால், கருவி அளப்பது வேகத்தை. சதவீதம் அதிலிருந்து ஊகிக்கும் ஒரு வரம்பு. ‘50 முதல் 69’ என்பது நேர்மையான பதில். ‘63 சதவீதம்’ என்பது கருவிக்கு இல்லாத துல்லியம்.

ஸ்கேன் நடக்கும் விதம்

வெறும் வயிற்றில் வரத் தேவையில்லை, வழக்கமான மாத்திரைகளை நிறுத்தவும் வேண்டாம். சங்கிலி, கழுத்துப் பட்டி எல்லாம் கழற்றிவிட வேண்டும். தாலியைக் கழற்ற மனமில்லாதவர்கள் அதை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டாலும் போதும். மல்லாந்து படுக்க வைத்து, தோளுக்குக் கீழே சிறு தலையணை கொடுத்து, தலையை மறுபக்கம் திருப்பச் சொல்வார்கள். கழுத்தில் ஜெல் தடவி, ஒலியை அனுப்பி வாங்கும், பட்டையான முகம் கொண்ட ப்ரோப் என்ற கைக்கருவியை வைப்பார்கள். ஊசி இல்லை, சாயம் இல்லை, கதிர்வீச்சும் இல்லை. இரண்டு பக்கமும் ஒழுங்காகப் பார்க்க 20 முதல் 40 நிமிடம் ஆகும். ஐந்தே நிமிடத்தில் முடிந்துவிட்டால் எல்லா இடத்திலும் வேகம் அளந்திருப்பார்களா என்று சந்தேகப்படலாம்.

முதலில் கறுப்பு வெள்ளைப் படத்தில் காறையெலும்பிலிருந்து தாடை வரை குறுக்கு வெட்டாகப் பார்த்துக்கொண்டே போவார்கள். படிவு எந்தப் பக்கச் சுவரில் இருக்கிறது என்று இதில்தான் தெரியும். பிறகு ப்ரோபைத் திருப்பி நீளவாக்கில் பார்ப்பார்கள். அடுத்து வண்ண டாப்ளர். திரையில் சிவப்பும் நீலமும் ஓட்டத்தின் திசையைக் காட்டுகின்றன. சிவப்பு என்றால் நல்ல ரத்தம், நீலம் என்றால் கெட்ட ரத்தம் என்று அர்த்தமில்லை. வண்ணங்கள் கலங்கிப் பல நிறமாகத் தெரியும் இடத்தில் வேகம் கூடியிருக்கிறது என்று பொருள். அங்கேதான் துல்லியமாக அளக்க வேண்டும். கடைசியாக, ஒன்றரை இரண்டு மில்லிமீட்டர் அளவுள்ள ஒரு சிறு சாளரத்தை ஓட்டத்தின் நடுவே வைத்து, கோணக் கோட்டைச் சரிசெய்து, வேக அலையைப் பதிவுசெய்வார்கள். பொதுக் கரோடிட், புடைப்பு, உட்கரோடிட்டின் தொடக்கம், நடு, மேல்பகுதி, வெளிக் கரோடிட், வெர்டிப்ரல் என ஒவ்வொரு இடத்திலும் இது நடக்க வேண்டும்.

உட்கரோடிட்டையும் வெளிக் கரோடிட்டையும் பிரித்தறிவதில் ஒரு கைப்பழக்கம் உண்டு. காதுக்கு முன்னால் துடிக்கும் தமனியை விரலால் தட்டுவார்கள். அலையில் சிற்றதிர்வு தெரிந்தால் அது வெளிக் கரோடிட். மூளை ஒரு நொடியும் ரத்தமில்லாமல் இருக்காது என்பதால் உட்கரோடிட்டில் இதயம் விரியும்போதும் ஓட்டம் தாராளமாக இருக்கும். வெளிக் கரோடிட்டில் அந்த நேரத்தில் ஓட்டம் மெலிந்துவிடும். கழுத்துக்குள் கிளை விடுவதும் வெளிக் கரோடிட் மட்டும்தான்.

எங்கே தவறுகிறது

கோணப் பிழையை ஏற்கெனவே பார்த்தோம். அதைவிட ஆபத்தானது, ஏறக்குறைய மூடிய குழாயைத் தவறாகப் படிப்பது. இடுக்கு நூலிழையளவு ஆகிவிட்டால் வேகம் விழுந்துவிடும் என்றோமே, அப்போது உச்ச வேகம் 80 என்றோ 60 என்றோ வரலாம். எண்ணை மட்டும் பார்த்தால் ‘இயல்பு’ என்று தோன்றும். படத்தில் குழாய் முழுக்கப் படிவு நிரம்பியிருப்பதைப் பார்த்தால்தான் உண்மை தெரியும். இதற்கு நேர்மாறாக, மெல்லிய கசிவைக் கருவி பிடிக்காமல் விட்டு ‘முழு அடைப்பு’ என்று எழுதிவிடவும் கூடும். குறைந்த வேகத்தைப் பிடிக்கும்படி வண்ண அளவை இறக்கி வைத்து மறுபடி தேட வேண்டும். சந்தேகம் தீராவிட்டால், சாயம் ஏற்றிக் குழாயைப் படமெடுக்கும் சி.டி. ஆஞ்சியோ எடுக்க வேண்டும். நூலிழைக் கசிவா, முழு அடைப்பா என்பதைப் பொறுத்துச் சிகிச்சை மாறும்.

சுண்ணாம்பேறிய படிவு ஒலியைத் தடுத்து, பின்னால் கருநிழல் விழச் செய்யும். நிழல் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நீண்டால் மிகக் குறுகிய இடம் அதற்குள்ளேயே ஒளிந்திருக்கலாம். அப்போது நிழலுக்கு மேலே ஓட்டம் கலங்கியிருக்கிறதா என்று பார்த்து ஊகிக்க வேண்டும்.

குழாயில் குறையில்லாமலும் வேகம் மாறும். ஒரு பக்கம் முழுதாக அடைபட்டிருந்தால் மறுபக்கம் இரட்டிப்பு வேலை செய்யும். அங்கே வேகம் கூடி, இல்லாத குறுகலைக் காட்டும். வயதானவர்களுக்கும் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும் குழாய் வளைந்து நெளிந்திருப்பதுண்டு. வளைவில் வேகம் ஏறும், படிவு இருக்காது. இதயம் பலவீனமாக இருந்தாலோ, இதயத்தின் பெருந்தமனி வால்வு மிகவும் சுருங்கியிருந்தாலோ இரண்டு பக்கமும் வேகம் தாழ்ந்து, அலை மெல்ல எழும். இப்படிப்பட்டவர்களுக்குத் தனி வேகத்தைவிட விகிதம் கூடுதலாக உதவும். ஸ்டென்ட் வைத்த குழாய் விறைப்பாக இருப்பதால் அதற்கு வரம்புகளே வேறு.

ஒரு பக்க வெர்டிப்ரல் தமனியில் ரத்தம் தலைகீழாக ஓடுவதும் சில சமயம் தெரியவரும். அந்தப் பக்கக் கைக்குப் போகும் தமனி அதன் தொடக்கத்தில் அடைபட்டு, கை தனக்கு வேண்டியதை மூளையின் பாதையிலிருந்து இழுத்துக்கொள்கிறது என்று அர்த்தம். இரண்டு கைகளிலும் ரத்த அழுத்தம் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

சுவர் சொல்லும் செய்தி

இனி இரண்டாவது கேள்வி. மாரடைப்பை உண்டாக்கும் இதயத் தமனிகள் ஆழத்தில், துடித்துக்கொண்டே இருக்கும் இதயத்தின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. வெளியிலிருந்து மீயொலியால் அவற்றின் சுவரைத் தெளிவாகப் பார்க்க முடியாது. கரோடிட் தோலுக்கு ஓரிரு சென்டிமீட்டர் கீழே அசையாமல் கிடக்கிறது. கொழுப்பு படியும் நோய் உடலெங்கும் பரவும் நோய் என்பதால், கழுத்தில் பார்த்தது இதயத்தைப் பற்றியும் ஏதோ சொல்கிறது. கரோடிட்டில் படிவு உள்ளவர்களுக்கு மாரடைப்பு வரும் வாய்ப்பும் கூடுதல்.

சுவரை இரண்டு விதமாகப் படிக்கிறார்கள். ஒன்று ‘ஐ.எம்.டி.’, அதாவது சுவரின் உள்ளடுக்கும் நடு அடுக்கும் சேர்ந்த தடிமன். பொதுக் கரோடிட்டின் தூரச் சுவரில், புடைப்புக்கு ஒரு சென்டிமீட்டர் கீழே, படிவில்லாத இடத்தில் இதை அளப்பார்கள். பெரும்பாலானவர்களுக்கு அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேலே இருக்கும். வயதோடு தானே கூடும். மற்றொன்று படிவு உண்டா இல்லையா என்று பார்ப்பது. குழாய்க்குள் 0.5 மில்லிமீட்டராவது துருத்திக்கொண்டிருந்தாலோ, சுற்றியுள்ள சுவரைவிடப் பாதி மடங்கு கூடுதலாகத் தடித்திருந்தாலோ, தடிமன் 1.5 மில்லிமீட்டரைத் தாண்டினாலோ அது படிவு. மான்ஹைம் கருத்தொருமிப்பு என்ற பெயரில் நிபுணர்கள் வகுத்த வரையறை இது.

இரண்டில் படிவையே பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டும். ஐ.எம்.டி. ஆண்டுக்குக் கூடுவது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஓரிரு பங்கு. 7.5 மெகாஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளமே 0.2 மில்லிமீட்டர். ஆயிரக்கணக்கானவர்களின் சராசரியை ஒப்பிடும் ஆய்வில் இந்த நுண்ணிய வித்தியாசம் தென்படும். ஒரு தனி மனிதரின் இரண்டு ரிப்போர்ட்டுகளில் அதைத் தேடுவது வீண். 2013-இல் அமெரிக்க இதய அமைப்புகள் வெளியிட்ட வழிகாட்டுதல், வழக்கமான சிகிச்சையில் ஐ.எம்.டி. அளக்கத் தேவையில்லை என்றே சொன்னது. ‘எங்கள் மருந்தைச் சாப்பிட்டால் ஆறு மாதத்தில் ஐ.எம்.டி. குறைந்துவிடும்’ என்று யாராவது ரிப்போர்ட்டைக் காட்டினால் நம்ப வேண்டாம்.

படிவின் தோற்றமும் பேசும். கறுப்பாக, ஒலியை அதிகம் திருப்பாமல் இருக்கும் படிவில் கொழுப்போ ரத்தக் கசிவோ மிகுதி. அது கிழியும் ஆபத்து அதிகம். வெள்ளையாகப் பளிச்சென்று தெரிவதில் நாரும் சுண்ணாம்பும் மிகுதி. ஒப்பளவில் அது உறுதியானது. ஆகவே 60 சதவீத வெள்ளைப் படிவைவிட 50 சதவீதக் கறுப்புப் படிவு சிலரிடம் அதிகக் கவலை தரக்கூடும். சதவீதம் மட்டும் எழுதி, படிவு எப்படி இருந்தது என்று எழுதாத ரிப்போர்ட் அரைகுறையானது.

இளம் பெண் ஒருவருக்குப் படிவு இல்லாமல் பொதுக் கரோடிட்டின் சுவர் சுற்றிலும் ஒரே சீராகத் தடித்திருந்தால் அது கொழுப்பு நோயாக இருக்காது. டகயாசு என்ற தமனி அழற்சியை நினைக்க வேண்டும். இந்தியா உட்பட ஆசிய நாடுகளில் இது அவ்வளவு அரிதல்ல, சிகிச்சையும் முற்றிலும் வேறு.

யாருக்கு எடுக்க வேண்டும்

தற்காலிகப் பக்கவாதமோ பக்கவாதமோ வந்தவர்களுக்குத் தாமதமின்றி எடுக்க வேண்டும். ஸ்டெதஸ்கோப்பில் கழுத்தில் இரைச்சல் கேட்பவர்கள், வாய், தொண்டைப் புற்றுநோய்க்காகக் கழுத்தில் கதிர்வீச்சு பெற்று ஆண்டுகள் கடந்தவர்கள், பைபாஸ் அறுவைக்கு முன் சிலர் ஆகியோருக்கும் மருத்துவர் கேட்பதுண்டு.

நம் ஊரில் இந்த ஸ்கேனுக்கு வருகிறவர்களில் பலர் வருவது தலைசுற்றலுக்காக. படுக்கையில் புரண்டால் அறை சுற்றுவது, எழுந்து நின்றால் கண் இருட்டுவது, மயங்கி விழுந்து உடனே எழுவது ஆகியவற்றுக்குக் கரோடிட் அடைப்பு பொதுவாகக் காரணமல்ல. காது, ரத்த அழுத்தம், இதயத் துடிப்பு ஆகியவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஸ்கேனில் தற்செயலாக ஒரு சிறு படிவு தெரிந்துவிட்டால் தலைசுற்றலின் பழி அதன் மேல் விழும், உண்மையான காரணம் தேடப்படாமலே போய்விடும்.

எந்த அறிகுறியும் இல்லாதவர்கள் மாஸ்டர் செக்-அப்பில் இதையும் சேர்த்து எடுப்பது பற்றி: அமெரிக்காவின் தடுப்பு மருத்துவப் பணிக்குழு பொது மக்களுக்கு இந்தப் பரிசோதனை வேண்டாம் என்று 2014-இல் சொன்னது, 2021-இல் அதையே மறுபடி உறுதிசெய்தது. அறிகுறியில்லாதவர்களிடம் பெரிய அடைப்பு அரிது. தவறான எச்சரிக்கையைத் தொடர்ந்து வரும் ஆஞ்சியோவும் அறுவையும் தாமே பக்கவாதத்தை உண்டாக்கக்கூடும். எனினும், கொழுப்பு மாத்திரை தொடங்கலாமா என்று மருத்துவர் நடுவில் நிற்கும் ஒருவருக்கு, படிவு தெரிந்தால் முடிவு எளிதாகும். அந்த அளவுக்கு இதற்கு இடமுண்டு.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். கழுத்து ஸ்கேன் தாடைக்கு மேலே பார்ப்பதில்லை. மூளைக்குள் இருக்கும் தமனிகள் சுருங்குவது மேலை நாட்டு வெள்ளையர்களைவிட ஆசியர்களிடம் அதிகம். பக்கவாதம் வந்த ஒருவருக்குக் கழுத்து டாப்ளர் இயல்பாக இருந்தால் குழாய்ப் பரிசோதனை முடிந்துவிட்டது என்று நிறுத்தக் கூடாது. மூளைக்குள் இருக்கும் குழாய்களை எம்.ஆர். அல்லது சி.டி. ஆஞ்சியோவில் பார்க்க வேண்டும்.

ரிப்போர்ட் கையில் வந்த பிறகு

அறிகுறி வந்தவரா, வராதவரா என்பதுதான் முதல் கேள்வி. சதவீதம் அதற்குப் பிறகு. 1991-இல் வெளிவந்த நாஸெட் ஆய்வில், அறிகுறி வந்து 70 சதவீதத்துக்கு மேல் சுருக்கம் இருந்தவர்களில், மருந்து மட்டும் எடுத்தவர்களுக்கு இரண்டு ஆண்டுகளில் அதே பக்கத்தில் பக்கவாதம் வரும் ஆபத்து 26 சதவீதமாக இருந்தது. படிவை அகற்றும் அறுவை செய்துகொண்டவர்களுக்கு அது 9 ஆகக் குறைந்தது. அதே ஆய்வின் 1998 முடிவுகளில், 50 முதல் 69 வரை உள்ளவர்களுக்குப் பலன் மிதமாக இருந்தது. 50-க்குக் கீழே பலனே இல்லை. அறுவை செய்வதென்றால் அறிகுறி வந்த இரண்டு வாரங்களுக்குள் செய்ய வேண்டும். படிவு கிழிந்த புதிதில்தான் அடுத்த துணுக்கு கிளம்பும் ஆபத்து மிக அதிகம். பத்து நிமிடம் கை தளர்ந்து சரியாகிவிட்டவரை ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்று வீட்டிலேயே வைத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இதுதான் காரணம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அறிகுறியில்லாதவருக்கு 70 சதவீதம் என்று வந்தாலும் ஓட வேண்டியதில்லை. இன்றைய மருந்துகளோடு ஆபத்து பழைய ஆய்வுகளில் கண்டதைவிடக் குறைவு. அறுவையாலோ ஸ்டென்ட்டாலோ பக்கவாதமோ மரணமோ நேரும் வாய்ப்பு அந்த மருத்துவக் குழுவிடம் 3 சதவீதத்துக்குக் கீழே இருக்கிறதா, நோயாளிக்கு இன்னும் பல ஆண்டுகள் ஆயுள் எதிர்பார்க்க முடியுமா என்று பார்த்து, சி.டி. ஆஞ்சியோவால் உறுதிசெய்துகொண்டு, நிதானமாக முடிவெடுக்கலாம்.

50-க்குக் கீழே படிவு உள்ளவர்களுக்குக் குழாயில் செய்ய வேண்டியது ஏதுமில்லை, உடலில் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. பீடி, சிகரெட், புகையிலை எதுவானாலும் முழுதாக நிறுத்த வேண்டும். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் கட்டுக்குள் இருக்க வேண்டும். ஸ்டாட்டின் எனப்படும் கொழுப்பு மாத்திரை எல்.டி.எல்.லைக் குறைப்பதோடு படிவின் மேல்மூடியையும் உறுதியாக்குகிறது. மாரடைப்போ பக்கவாதமோ ஏற்கெனவே வந்தவர்களுக்கு எல்.டி.எல். 70-க்குக் கீழே இருக்க வேண்டும். ஐரோப்பிய வழிகாட்டுதல் 55-க்குக் கீழே கேட்கிறது. ரத்த அறிக்கையில் எல்.டி.எல். நன்றாக இறங்கிவிட்டது என்பதற்காக மாத்திரையைத் தாமாக நிறுத்துகிறவர்கள் அதிகம். மாத்திரையால்தான் அது இறங்கியிருக்கிறது. ஆஸ்பிரின் எல்லோருக்கும் உரியதல்ல. யாருக்கு என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

மறுபடி ஸ்கேன் எடுக்கச் சொன்னால், கூடியவரை அதே கூடத்துக்குப் பழைய ரிப்போர்ட்டோடு போங்கள். சதவீதத்தை ஒப்பிட வேண்டாம். அதே பக்கம், அதே இடத்தின் பி.எஸ்.வி.யை ஒப்பிடுங்கள், விகிதத்தையும் பாருங்கள். நொடிக்குப் பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் கூடுவதும் குறைவதும் அன்றைய ரத்த அழுத்தத்தாலும் ப்ரோபின் கோணத்தாலும் வருவது. 110 இருந்தது 240 ஆகியிருந்தால், அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.